இருளம்மாளின் இடம்

வேப்பமர நிழலில் மதியச் சாப்பாட்டுத் தூக்குவாளிகள் திறந்து கிடக்கின்றன. எவ்வளவு கழுவியும் வெடிமருந்தின் வெள்ளிப்பூச்சு போகாத விரலால் வேல்விழி மண்ணில் ஒரு மலைப்பாதையைக் கீறுகிறாள். தீபாவளி சீசன் முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் செண்பகத்தோப்புக் காட்டுக்குப் போய் அருவி வரை நடப்பதாகப் பேச்சு. "ஒரே மூச்சுல ஏறிரலாம்" என்று துள்ளுகிறாள் இளையவள் இசைவாணி. முட்டி தேய்ந்த இருளம்மாள், மண்ணில் கீறிய பாதை தொடங்கும் இடத்திலேயே தன் வாளி மூடியை வைக்கிறாள். "நான் இங்கன உக்காந்து உங்க பையைப் பாத்துக்கிடுறேன். என்னால நீங்க எதுக்குச் சுணங்கணும்?" வேல்விழி அந்த மூடியை எடுத்து அருவியின் பக்கத்தில் வைக்கிறாள். "நீங்க முன்னால நடங்க, மதினி. எவளும் உங்களைத் தாண்ட மாட்டா." "இது என்னடி கூத்து?" என்கிறாள் இருளம்மாள். அதற்குள் வேலைக்குத் திரும்பும் மணி அடித்துவிடுகிறது. செருப்பை வெளியே விட்டு, மற்றவர்கள் மருந்து அறைக்குள் போய் உட்கார்கிறார்கள். வாசலை ஒட்டிய இடம் காலியாக இருக்கிறது. ஏதாவது வெடித்தால் ஓட முடியாதவள் முதலில் வெளியேற வேண்டுமென்று அவர்களே ஒதுக்கிய இடம். இருளம்மாள் தினமும் உட்காரும் இடம்தான். இன்றைக்குத்தான் அங்கே உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிறாள்: அத்தனை பேரும் அவளுக்குப் பின்னால் இருக்கிறார்கள்.