லாரிக்காரர் சிரிக்கவில்லை

லாரிக்காரர் சிரிக்கவில்லை. அவள் படித்து முடித்த தாளை மறுபடி பார்த்தாள்.

வானொலியின் சனிக்கிழமை வகுப்பு அது. சின்னச் சின்ன நகைச்சுவை நாடகம் எழுதக் கற்றுக்கொடுப்பார்கள். அவரவர் வீட்டிலிருந்தே போனில் சேர்ந்துகொண்டு, ஒருவர் எழுதியதை மற்றவர்கள் கேட்டுத் திருத்துவார்கள். அதில் லாரிக்காரர் வணக்கம் சொன்னாலே விழுந்து விழுந்து சிரிக்கிற மனிதர். அவரே சும்மா இருந்தால் எழுதியது தேறாது என்று அர்த்தம்.

மேஜைமேல் கணவனின் போன் ஸ்பீக்கரில் கிடந்தது. பக்கத்திலேயே நாற்காலி போட்டு அவனும் உட்கார்ந்திருந்தான். ஒரு வகுப்பைக்கூட அவன் தவறவிட்டதில்லை.

"தெரியாததை எழுதாதீங்க. உங்க வீட்டுல நடக்கிறதை எடுத்துக் கொஞ்சம் பெருசாக்குங்க" என்று டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவளும், மனைவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு வெளியே போகிற ஒரு கணவனை எழுதினாள். திரும்பி வந்தவன் பெல்லை அடித்து, கதவைத் திறக்க இவ்வளவு நேரமா என்று கத்துகிறான். சாவி அவன் சட்டைப்பையிலேயே இருக்கிறது. பெல்லை மூன்று தடவை அடிக்கட்டும், இன்னும் சிரிப்பு வரும் என்று யோசனை சொன்ன லாரிக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

கணவன் பாத்திரம் பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவனுக்குத் தலைகால் புரியவில்லை. நன்றாக வந்தால் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுப் பதிவு செய்வோம் என்று டீச்சர் வேறு சொல்லிவைத்தார்.

போன வாரம், பூட்டிய வீட்டு ஜன்னலிலிருந்து மனைவி கயிற்றில் கூடையை இறக்கிக் காய்கறி வாங்குவதை எழுதியிருந்தாள். கடைக்காரன் அவளைப் படியிறங்கச் சோம்பல்படுகிறவள் என்று தெருவெல்லாம் சொல்லிவிடுகிறான். கூடையில் ஒரு மணி கட்டலாமே என்று ஆரம்பித்த, வகுப்பில் கூடப் படிக்கிற பேக்கரி அக்கா பாதியில் நிறுத்திக்கொண்டார். லாரிக்காரரின் சிரிப்பும் பாதியில் நின்றுபோனது.

இன்று காலை கணவன் முடிவாகச் சொல்லிவிட்டான். "இன்னிக்கு ஸ்டேஷன்ல கூப்பிடலேன்னா இந்த வகுப்பை மூட்டை கட்டிடு."

வேற்று மனிதர்களின் குரல் அவள் காதில் விழுவது வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான். அதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

இன்றைய காட்சியில் சமையலறையில் தீப்பிடித்துக்கொள்கிறது. உள்ளே மாட்டிக்கொண்ட மனைவி ஜன்னலில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டுகிறாள். தெருவே அண்ணாந்து பார்த்து, பதிலுக்கு டாட்டா காட்டிவிட்டுப் போகிறது.

படித்து முடித்தாள். போனில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவ்வளவுதான்.

"சிரிப்பு வரலியோ?" என்றாள்.

அது இருக்கட்டும் என்றார் டீச்சர். ஸ்டேஷனிலிருந்து ஒரு மேடம் இன்று லைனில் இருக்கிறார், சில கேள்விகள் கேட்பார் என்றார். கணவன் நிமிர்ந்து உட்கார்ந்து காலரைச் சரிசெய்துகொண்டான், அந்த மேடத்துக்கு அது தெரியப்போகிற மாதிரி.

மேடத்தின் குரல் கறாராக இருந்தது. "இதுல எவ்வளவும்மா பெருசாக்கியிருக்கீங்க?"

அவள் பதில் தேடுவதற்குள் அவன் முந்திக்கொண்டான். "ஒண்ணும் பெருசாக்கல மேடம். தீ மட்டும்தான் கற்பனை. மத்ததெல்லாம் என்னைப் பார்த்து எழுதினது."

அப்புறம் அவனை நிறுத்த ஆளில்லை. ஒன்று கேட்டால் ஒன்பது சொன்னான். கதவுக்கு ஒரு பூட்டு இல்லை, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று திருத்தினான். அவளுடைய போனைச் சுவரில் அடித்து உடைத்ததை நடித்தே காட்டினான். அவளுடைய அம்மா வந்து வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதைச் சொல்லும்போது அவனுக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

அவள் கூனிக் குறுகிப் போனாள். நாடகத்தைத் தூக்கி நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு இந்த மனுஷன் அடியோடு கெடுக்கிறாரே என்று நொந்துகொண்டாள். இனி அடுத்த சனிக்கிழமை கிடையாது.

"காட்சி எங்க நடக்குது? கேக்கறவங்களுக்கு இடம் தெரியணுமே" என்றார் மேடம்.

கடைத்தெரு முனையில் கண்ணாடிக் கடை, அதற்கு மேல் மாடி என்று அவன் பெருமையாகச் சொன்னான்.

"நல்லது. அம்மா, நீங்க மறுபடி முதல்லேருந்து படிங்க. விட்டுப்போனதை சார் சொல்லட்டும். போனை மட்டும் வெச்சிடாதீங்க."

மேடத்தின் பக்கம் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று அவன் விசாரித்தான். கிளம்பிவிட்டேன், வழியில் இருக்கிறேன் என்றார்.

அவள் மறுபடி படித்தாள். அவன் விட்டதையெல்லாம் விலாவாரியாகச் சேர்த்தான். கீழே கடையில் கண்ணாடி தேய்க்கும் மெஷின் கிறீச்சிட்டது. அதே கிறீச்சல் போனுக்குள்ளிருந்தும் வந்தது.

அவள் வாசல் கதவை ஒரு தடவை பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவன் அடுத்து எதை எடுத்துவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான். அவள் மூச்சை இழுத்துப் பிடித்து, குரலை உயர்த்தி, மெஷின் சத்தம் அமுங்கும்படி விடாமல் படித்தாள்.

"மேடம், எங்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவீங்கதானே?" என்றான் அவன்.

"அதைச் சொல்லத்தான் வந்துட்டிருக்கேன் சார்."

காலிங் பெல் அடித்தது. நேரிலேயே வந்துட்டாங்க போலிருக்கு என்று அவன் முகமெல்லாம் பல்லாக எழுந்தான். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேல் பூட்டைத் திறந்தான், கீழ்ப் பூட்டைத் திறந்தான்.

வாசலில் காக்கி உடுப்பில் ஒரு பெண், காதில் போனோடு நின்றுகொண்டிருந்தார். பின்னால் இரண்டு காவலர்கள். அவர் பேசியது வாசலிலும் மேஜைமேலும் சேர்ந்தாற்போல் கேட்டது.

"செலக்ட் ஆயிட்டீங்க சார். வாங்க, ஸ்டேஷனுக்குப் போலாம்."