தூங்குகிற முகம்

"கண்ணு மூடியிருக்கட்டும்மா. நான் கடைசியா பக்கத்துல பார்த்தப்போ அப்படித்தான் இருந்தா."

சொன்னவள் குடையைக்கூட மடக்காமல் பேக்கரி வாசலிலேயே நின்றாள். உள்ளே கோன் அக்கா கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள்.

ஐசிங் கோனைக் கையில் பிடித்துவிட்டால் உலகமே மறந்துவிடும் என்பதால் தெரு வைத்த பெயர் அது. அடுப்பு கணவருடையது, அலங்காரம் இவளுடையது. அவர் மாவு வாங்க மொத்தச் சந்தைக்குப் போகிற நாளில்தான் இந்தக் குடைக்காரி வருவாள். வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு பெரிய குக்கீ. அதில் ஒரு சிறுமியின் தூங்குகிற முகம்.

போட்டோ தர மாட்டாள். காலையில் வாயால் சொல்லிவிட்டுப் போய், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று கோன் அக்காவுக்கு முதல் வருஷமே புரிந்துவிட்டது. அதனால் கேள்வி எதுவும் கேட்பதில்லை.

"இந்தத் தடவை ரெட்டை ஜடை போட்டுடு. வாய் லேசா திறந்திருக்கட்டும். முன்பல்லு ரெண்டும் விழுந்திருக்கு."

"பல்லு விழுந்திருக்கா?" கோன் அக்காவுக்கு வாய் தவறி வந்துவிட்டது.

குடைக்காரி சிரித்தாள். படியிறங்கி, நனைந்த தெருவில் கலந்து போனாள்.

முதல் வருஷம் பூனைமுடி. அப்புறம் நெற்றியில் வெட்டிவிட்ட முடி. இப்போது ஜடை. செத்த பிள்ளை வருஷா வருஷம் வளருமா? கோன் அக்கா உள்ளங்கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

கெட்டியான ராயல் ஐசிங்கால் முகத்துக்கு வரம்பு கட்டினாள். அதையே தண்ணீர் விட்டு இளக்கி உள்ளே நிரப்பி, பல்குத்தும் குச்சியால் குமிழிகளை உடைத்துவிட்டு, மின்விசிறிக்கு அடியில் காயவைத்தாள். ஜடைக்குச் சாக்லேட் கலந்த பட்டர் ஐசிங். அதுதான் இறுகாமல், பின்னல் பின்னலாகச் சொன்னபடி நிற்கும். கடைசியாக மூடிய இமைகளுக்கு இரண்டு மெல்லிய வளைவுகள்.

நிமிர்ந்து பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தட்டில் இருந்தது சிட்டு. அவள் வீட்டுச் சிட்டு. அதே ஜடை, அதே பொக்கை, தூங்கும்போது ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும் அதே உதடு.

அவருக்குத் தாயில்லாப் பிள்ளை ஒன்று இருக்கிறது என்று சொல்லித்தான் இவளைக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்தன்றே அந்தப் பிள்ளை இவள் இடுப்பில் ஏறி உட்கார்ந்ததுதான், இன்றுவரை இறங்கவில்லை. அந்த முகத்தை, செத்துப்போன யாரோ ஒரு பிள்ளையின் பெயரில், கண்ணை மூடிப் படுக்கவைத்திருக்கிறதே இந்தக் கை!

பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். சிட்டு வகுப்பில்தான் இருக்கிறாள் என்றார்கள். அப்படியும் நெஞ்சு அடங்கவில்லை. கத்தி முனையால் அந்த இமைகளைச் சுரண்டி எடுத்தாள். அந்த இடத்தில் இரண்டு கண்களை வைத்தாள். அகலத் திறந்த, பழுப்பு நிறக் கண்கள். கருமணிக்குள் வெள்ளைப் புள்ளி வைத்ததும் முகத்துக்கு உயிர் வந்தது.

சாயங்காலம் குடைக்காரி வந்தாள். தட்டைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்கக்கா. நீங்க சொன்ன மாதிரி போட முடியலை. அப்படியே எங்க வீட்டுப் பொண்ணா வந்து நிக்குது. என் பிள்ளைக்குக் கண்ணை மூடிவிட எனக்குக் கை வரலை. நீங்க பறிகொடுத்த துக்கம் எனக்குப் புரியுது, ஆனா..."

குடைக்காரி எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "இதே கண்ணுதான்" என்றாள். "தூரத்துல இருந்து பார்த்தா கண்ணு மட்டும் சரியாத் தெரியவே தெரியாதும்மா."

கோன் அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அவ உன்னை எப்படிக் கூப்பிடுவா?"

"யாரு? சிட்டுவா? அம்மான்னுதான்."

குடைக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். "நல்லது" என்றாள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல் இருந்தது.

அப்போது பின்கதவு திறந்தது. மழைக்குப் பயந்து சீக்கிரமே திரும்பியிருந்தார் கணவர். தோளில் மாவு மூட்டை.

குடைக்காரியைப் பார்த்ததும் மூட்டை நழுவித் தரையில் விழுந்து வெடித்தது. வெள்ளையாகப் புகைந்த மாவுக்கு நடுவே, பேயைக் கண்டவர் போல நின்றார்.

"என்னங்க, என்ன ஆச்சு? இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

அவர் மனைவியின் பக்கமே திரும்பவில்லை. குடைக்காரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"போயிடு. நீ செத்துட்டேன்னு சொல்லித்தான் பிள்ளையை வளர்த்திருக்கேன்."