மஞ்சள் கூரை

உலகத்தில் வெட்டக்கூடாத காகிதம் என்று ஒன்று கிடையாது என்பது ஜெயரூபனின் கொள்கை. காகிதங்களை வெட்டி ஒட்டித்தான் அவன் புத்தகங்களுக்குப் படம் செய்வான். மனைவி சுபாஜினியோ கரண்ட் பில்லைக்கூட லேமினேட் பண்ணி வைப்பாள்.

"என்னையும் லேமினேட் பண்ணிடு" என்பான்.

பூனாகலை தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் படத்தில் கூரை மட்டும் பாக்கி. டிரங்குப் பெட்டியில் கிடைத்த பழைய மஞ்சள் காகிதத்தை வெட்டி ஒட்டினான்.

சுபாஜினி குனிந்து பார்த்தாள். "கூரையில சீல் அடிச்சிருக்கே?"

"அதுதான் அழகு."

"அது உங்க தாத்தாவோட பிரஜாவுரிமை பேப்பருங்க. அவரு இந்த நாட்டு ஆளுங்கிறதுக்கு நம்மகிட்ட இருந்த ஒரே அத்தாட்சி."

மறுநாள் பதுளை போட்டோக்கொப்பி கடையில் படத்தை நீட்டினான்.

"ஓரத்தக்கூட வெட்டாம, அப்படியே லேமினேட் பண்ணிடுங்கண்ணே."