கயித்தோட குதிச்சவன்

ஸ்டைனார் போட்டோட பக்கவாட்டுல பூட்ஸ் காலால ஒரு உதை விட்டான்.

"என்ன பாஸ், இதப் போய் போட்டுன்னு விக்கிறீங்க? குளிக்கிற தொட்டி மாதிரி இருக்கு!"

விக்கிற ஹால்வர் தாடிக்குள்ள பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னான். ரெண்டு பேரும் ஒரே தீவு, ஒரே கிளாஸ். ஸ்டைனார் ஊர விட்டு பெர்கன் டவுனுக்குப் போயி ரொம்ப வருஷமாச்சு. அவனுக்கு இவன அடையாளமே தெரியல.

இவன் அவன ஒரு நாளும் மறந்தது கிடையாது.

போன் பண்ணி வரேன்னு சொன்னது ஸ்டைனாரோட பொண்டாட்டி இங்வில். வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு, பழசானாலும் பரவால்ல, சின்ன போட் போதும்னா. கேக்காமலே புருஷன் பேரையும் சொன்னா.

இப்ப அவ இன்ஜின் மூடி மேல உள்ளங்கைய வெச்சுப் பார்த்தா. சில்லுனு இருந்துச்சு. முன்னாடியே ஓட்டி, சூடு பண்ணி வெச்சு ஏமாத்தற ஆளு இல்லன்னு தெரிஞ்சதும் தலைய ஆட்டிக்கிட்டா. அப்புறம் மூணு வயசுப் பொண்ணு டூவாவ உள்ள நிக்க வெச்சு, பக்கவாட்டுப் பலகை குழந்தை நெஞ்சு வரைக்கும் வருதான்னு பார்த்தா.

ரெண்டே கேள்விதான் கேட்டா. டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கா? பாறைல மூக்க முட்டி நிறுத்தினா, ரிவர்ஸ்ல சட்டுனு வெளிய வருமா?

"பாத்தீங்களா பாஸ், மேடம் கப்பல் வாங்க வந்திருக்காங்க!" ஸ்டைனார் சிரிச்சான்.

இங்வில் சிரிக்கல. ஒரு ரவுண்டு போய்ப் பாத்துடலாம்னா. எந்தப் பக்கம்னு நீங்களே முடிவு பண்ணுங்கன்னு ஹால்வர்கிட்ட சொன்னா.

எந்தப் பக்கம்னு ஹால்வர் அவ போன வெச்ச அன்னிக்கே முடிவு பண்ணிட்டான்.

தீவுக்கு வெளிய ஒரு மொட்டைப் பாறை. மரம் கிடையாது, மறைப்பு கிடையாது. கடற்காக்கா மட்டும்தான்.

தூரத்துலயே அதப் பார்த்த ஸ்டைனார் தொடைய தட்டினான்.

"அட, இந்தப் பாறைலதான் பாஸ், எங்க கிளாஸ் குண்டுப் பையன் ஒருத்தன விட்டுட்டு வந்தோம்! 'கயித்தப் புடிச்சுக்கிட்டு எறங்குடா'ன்னேன். எறங்கினான். நாங்க ஜூட்! காலைல பார்த்தா தலையெல்லாம் காக்கா எச்சம். அப்புறம் அவன் பேரே எச்சம்தான்!"

"சொந்தப் பேரு என்ன?" இங்வில் கேட்டா.

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம்?"

ஹால்வருக்கு ஞாபகம் இருந்துச்சு. செப்டம்பர் மாசக் கும்மிருட்டு. காலுக்கு ரெண்டு பக்கமும் தண்ணி ஏறுற சத்தம். கத்திக் கத்தித் தொண்டை போனது. ஸ்கூல் முடியிற வரைக்கும் ஒட்டிக்கிட்டிருந்த அந்தப் பேரு.

போட்டோட மூக்கப் பாறைல மெதுவா முட்டினான். இங்கல்லாம் முன்னாடி நிக்கிறவன்தான் கயித்தோட கரைல குதிக்கணும். யாரும் சொல்லித் தர வேண்டாம், காலு தானாக் குதிக்கும்.

இருந்தாலும் ஹால்வர் வாய் விட்டுச் சொன்னான். "கயித்தப் புடிச்சுக்கிட்டு எறங்குங்க, சார்."

ஸ்டைனாருக்கு அப்பவும் உறைக்கல. குதிச்சான். ஜாக்கெட், போன் எல்லாம் சீட்டுலயே கிடந்துச்சு. கயித்தோட இந்த முனைய ஹால்வர் போட்டுல கட்டவே இல்ல.

கியர் மேல கை. பின்னாடி ஒரே ஒரு இழுப்பு. தூக்கத்துல எத்தன தடவ இழுத்திருப்பான்!

டூவா அப்பாவுக்கு டாட்டா காமிச்சா.

ஹால்வரோட கை அப்படியே நின்னுச்சு. இழுக்க வரல. குழந்தையப் பார்த்தான், கியரப் பார்த்தான். போதும், இவன மாதிரி நான் ஆக வேணாம்னு பிடிய விடப் போனான்.

அப்போ அவன் கைக்கு மேல இன்னொரு கை வந்து அழுத்துச்சு.

இங்வில் ரிவர்ஸ் போட்டா.

போட் சட்டுனு வெளிய வந்துச்சு.

"ஏய்! இங்வில்! என்னடி வெளையாட்டு இது?"

காக்காங்க குஞ்சு பொரிச்சிருக்கிற சமயம். ஒண்ணு அவன் மண்டையக் குறி வெச்சு எறங்குச்சு.

"போன வருஷம் அவன் ஃப்ரெண்டோட போட்டுல போனோம்," இங்வில் பாறையப் பார்க்காமயே சொன்னா. "என்னையும் இவளையும் ஒரு பாறைல எறக்கி விட்டுட்டு ரெண்டு பேரும் போயிட்டாங்க. சும்மா வேடிக்கைக்காம். மழை கொட்டுச்சு. இவ உதடெல்லாம் நீலமாயிடுச்சு. அதையும் இப்ப எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிக்கிறான்."

ஹால்வர் இன்ஜின் வேகத்தக் கொறச்சான்.

"உங்க பேர எங்க மாமியார் சொன்னாங்க, ஹால்வர். அவங்க மறக்கல."

விளம்பரத்துல இதவிட நல்ல போட் நிறைய இருந்துச்சு. அது அவனுக்கும் தெரியும்.

சீட்டுக்கு அடில அவ கொண்டு வந்த பெரிய பை. சாப்பாடுன்னு நெனச்சிருந்தான். டூவா அதத் தொறந்து, மடிச்சு வெச்ச துணிக்கு நடுவுலேருந்து கரடி பொம்மைய எடுத்துக்கிட்டா.

"எங்கம்மா வீடு அந்தக் கரைல. எங்கள அங்க விட்டுடுங்க. போட் எனக்குத்தான், என் பேர்ல. நாளைக்கு வந்து எடுத்துக்கறேன். அவன எப்பக் கூட்டிட்டு வரதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

ஹால்வர் திரும்பிப் பார்த்தான். பாறை மேல ஒருத்தன் தலைக்கு மேல கயித்தச் சுழட்டிச் சுழட்டிக் காக்கா விரட்டிக்கிட்டிருந்தான்.

அப்புறம் வானத்தப் பார்த்தான். ஜூன் மாசம். இந்த வடக்கு ஊர்ல ராத்திரி ஆனாலும் சரியா இருட்டாது.

அது ஒண்ணுதான் அவனுக்கு வருத்தம்.