தோளுக்கு இதமான துப்பாக்கி

முதலில், துப்பாக்கிக் கட்டையின் அடியில் இருந்த ரப்பரைப் பிடுங்கிவிட்டுப் பிளாஸ்டிக் தகடு அடித்தார்கள். அப்புறம் மரக்கட்டையை எடுத்துவிட்டு, உள்ளே வெற்றாகக் கிடக்கும் பிளாஸ்டிக் கட்டையை மாட்டினார்கள். எடை குறைந்தது, விலை குறைந்தது, சுடும்போது தோளில் விழும் உதை கூடியது. அதற்கும் அப்புறம் சோதனை அறையில் சுடுகிற ஆட்களைப் பாதியாக்கினார்கள். கடைசியாக, தோளில் மடித்த துண்டு வைத்துச் சுடக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

"வாங்குறவன் தோள்ல விழற உதை உங்க தோள்லயும் விழணும். அதுக்குத்தான் சம்பளம்" என்றார் மேலாளர் பிரெஸ்காட்.

விஸ்கான்சினில் மலிவு விலை பம்ப் ரக வேட்டைத் துப்பாக்கி செய்யும் அந்தத் தொழிற்சாலையில், இந்த வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்வார் ஆம்ப்ரோஸ் கில்ராய். அங்கே தொழிற்சங்கத்தைக் கட்டியவர். சுட்டுச் சுட்டு வலது தோள் போனவர். மாலையில் அவர் கோட்டு மாட்ட, சோதனை அறையில் பக்கத்தில் நின்று சுடும் வாண்டா கைகொடுக்க வேண்டும். அவள் தோளும் நீலம் பாரித்துத்தான் கிடந்தது.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"இன்னொரு வருஷம் சுட்டா கை எழும்பாதாம்."

"சுட முடியலேன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களே. பிரெஸ்காட்கிட்ட உக்காந்து பாக்குற வேலை கேளேன்."

"அவன்கிட்ட கை நீட்டுறதா? அதுக்கு இந்தக் கை எழும்பாமலே கிடக்கட்டும்!"

"சரி பெரிய மனுஷா, நீ நீட்ட வேண்டாம்." அவருடைய நெட்டைக் கையைக் கோட்டுக்குள் நுழைக்கப் போராடினாள். "குரங்குக் கைய்யா உனக்கு! உங்கம்மா எப்படித்தான் சட்டை தைச்சாளோ."

அந்த வருஷம்தான் வாங்கியவர்கள் புகார் எழுத ஆரம்பித்தார்கள். துப்பாக்கி கழுதை மாதிரி உதைக்கிறதாம். முதலாளிக்கு உடனே இரக்கம் சுரந்தது. துப்பாக்கியைத் தோளுக்கு இதமாக்க நல்ல வழி சொல்லும் தொழிலாளிக்கு, ஓய்வு பெறும்வரை நாற்காலியில் உட்கார்ந்து பாகங்களைச் சரிபார்க்கும் வேலை என்று அறிவித்தார்.

ஆம்ப்ரோஸ் கொதித்தார்.

"நம்ம தோளுக்குக் கேட்டப்போ இல்லாத ரப்பர், எவனோ வாத்து சுடுறவன் தோளுக்கு வந்துடுச்சா? ஒருத்தரும் யோசனை கொடுக்கக் கூடாது!"

எல்லோரும் சரி என்றார்கள்.

அடுத்த வாரமே, மதிய இடைவேளையில், சாக்கில் சுற்றிய துப்பாக்கியோடு வாண்டா மேலாளர் அறைக்குள் போனதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். வெறுங்கையோடு வெளியே வந்தவளை மறித்தார்.

"உள்ள என்ன அம்மணி, ஜெபமா?"

"ஆம்ப்ரோஸ், உன்கிட்ட தனியா ஒரு வார்த்தை பேசணும்."

"கருங்காலிகிட்ட எனக்குத் தனிப் பேச்சு கிடையாது."

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு ஊரே கூடும் மதுக்கடையில், வாண்டாவின் மேசையில் ஒருவரும் உட்காரவில்லை. கூட வேலை செய்யும் டொமினிக் மட்டும் போகிறபோக்கில், "என்ன வாண்டா, புது நாற்காலி மெத்துன்னு இருக்குமா?" என்று கேட்டான். கடை முழுக்கச் சிரிப்பு. அவள் தட்டில் மீன் ஆறிப்போனது.

ஆம்ப்ரோஸுக்கு அது போதவில்லை. சங்கக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்.

"பரிசுக்கு யார் பேரை வாசிக்கிறாங்களோ, அந்த ஆளோட நம்மள்ல யாரும் சாகுற வரைக்கும் பேசக் கூடாது. அந்த ஆள் செத்தா சர்ச்சுக்கும் போகக் கூடாது."

வாண்டா எழுந்தாள். "இந்தத் தீர்மானம் வேண்டாம் ஆம்ப்ரோஸ்."

"பயமா இருக்கா?"

"ஆமா, ரொம்ப. என்னை வேணா சங்கத்தை விட்டு நீக்கு. இதை மட்டும் போடாதே."

"வினை விதைக்கும்போது வராத பயம் இப்ப வருதோ? கை தூக்குங்கப்பா!"

கூடம் முழுக்கக் கைகள் எழுந்தன. ஆம்ப்ரோஸ் இடது கையைத் தூக்கினார். வலது எழும்பவில்லை.

பரிசு நாளில் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்தார்கள். பிரெஸ்காட் மேசைமேல் ஏறி நின்றார்.

"வந்தது ஒரே ஒரு யோசனைதான். ஆனா பிரமாதம்!"

துப்பாக்கியை உயர்த்திக் காட்டினார். அடியில் கெட்டி ரப்பர். வெற்றுக் கட்டைக்குள் ஈயக்குண்டு நிரப்பிய காலுறை. எடை கூடி உதையைத் தானே வாங்கிக்கொள்ளும். ரப்பருக்கும் கட்டைக்கும் நடுவே பலகைத் துண்டுகள். சுடுகிறவர் கைக்குத் தக்கபடி அவற்றைக் கூட்டலாம், குறைக்கலாம்.

டொமினிக் ஆம்ப்ரோஸின் விலாவில் இடித்தான்.

"நீளத்தைப் பாத்தீங்களா தலைவரே? வாண்டாவோட குட்டைக் கைக்கு விசையே எட்டாது. தன் கைக்கு அளவெடுக்கக்கூடத் தெரியலை இவளுக்கு!"

ஆம்ப்ரோஸ் சிரிக்க வாயெடுத்தார். சிரிப்பு வரவில்லை. அந்த நீளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் சுவரோரம் நின்ற வாண்டா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

"நேர்ல வர வெக்கப்பட்டு, இன்னொரு ஆள் மூலமா கொடுத்தனுப்பியிருக்காரு" என்றார் பிரெஸ்காட். "எவ்வளவு அடக்கம் பாருங்க!"

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கை தூக்கிய அத்தனை பேருக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"ஆம்ப்ரோஸ் கில்ராய்."