கிருஷ்ணப்பாவின் படி

"கிருஷ்ணப்பா படிக்கு மட்டும் பொட்டு வெக்காதே சந்தியா. இன்னும் போன் வரல."

ஹேமநாத் சொன்னதும், குனிந்திருந்த அவர் மனைவி சந்தியா குங்குமக் கிண்ணத்தோடு நிமிர்ந்தாள்.

திருமலைக்கு நடந்து ஏறும் வழியில் மோகாள்ள மெட்டு. நேர்ந்துகொண்டவர்கள் முட்டி போட்டே ஏறும் செங்குத்தான படிகள். ஹேமநாத் முட்டி போட்டு ஏற, சந்தியா ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள். பொட்டு வைக்கும்போது இருவரும் ஒரு பெயரைச் சொன்னார்கள். அப்பாவு. செங்கம்மா. ரேகா. ரமணா. இப்படியே போய்க் கடைசிப் படியில் நின்றுவிட்டார்கள்.

கூடவே ஏறிய மணிவேலுக்கு ஆர்வம் தாங்கவில்லை. திருப்பதி ஓட்டல்களில், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பவர் அவர். ஹேமநாத்துக்குப் புத்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரி இருக்கிறது என்று மலையடிவாரத்தில், அலிபிரியில் தெரிந்துகொண்டதிலிருந்து ஒட்டிக்கொண்டுவிட்டார். மலை ஏறினால் எல்லாருக்கும் மூச்சு வாங்கும். மணிவேலுக்கு அப்போதும் பேச்சு நிற்காது.

"கிளாஸ்ல நான் சொல்றதே இதான் சார். பிசினஸ்னா மலை! மேல மட்டும் பாத்துக்கினு ஏறணும். எறங்கறவன் தோத்தவன்!"

"எறங்காம எப்டி சார்? மேலயே குந்திக்கினு இருக்க முடியுமா?" என்றார் ஹேமநாத், முட்டியைத் தேய்த்தபடி.

மணிவேல் விழுந்து விழுந்து சிரித்தார். கூடச் சிரிக்கத்தான் யாரும் இல்லை.

"இந்த வருசம் சீசன் எப்டி சார்?"

"மரம் பூ வெச்சிது. காய்தான் நிக்கல. போன வருசமும் அப்டித்தான்."

"அதெல்லாம் சும்மா மேடு பள்ளம் சார்!" மணிவேல் கையாலேயே அதைத் தள்ளிவிட்டார். "ஆமா, இந்தப் பேருங்கள்லாம் யாரு? பார்ட்னர்ஸா?"

"எங்க ஃபேக்டரி ஆளுங்க சார். மெஷினு போட்ட புதுசுல, நான் ஜெயிப்பன்னு எனக்கே நம்பிக்க இல்ல. இவங்க நம்பி வந்தாங்க. நான் இன்னிக்கி மனுசனா நிக்கறன்னா இவங்களாலதான். அதான், ஒவ்வொருத்தருக்காகவும் பெருமாள்கிட்ட கேட்டுக்கினன். யாருக்கு அவர் குடுத்துட்டாரோ, அவங்க பேருல ஒரு படி."

"கிருஷ்ணப்பாவுக்கு?"

"அதுதான் இழுத்துக்கினே இருக்குது. பாகாலாவுக்கு ஒருத்தர பாக்கப் போயிருக்காரு. இன்னிக்கி முடிவு தெரிஞ்சிடும். ஆவலன்னா நான் இதுக்கு மேல ஏற மாட்டன் சார். சாமியப் பாக்காம இப்டியே திரும்பிடுவன்."

"காலையிலேந்து ஒண்ணும் துன்னல சார் இந்த மனுசன்," என்றாள் சந்தியா. "போனையே பாத்துக்கினு கீறாரு."

மணிவேலுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஏதோ பெரிய ஆர்டர். பேசி முடிக்கத்தான் கிருஷ்ணப்பாவை அனுப்பியிருக்கிறார். கிடைக்கிற லாபத்தில் ஆட்களுக்கும் பங்கு கொடுப்பார் போல. இப்படியும் ஒரு முதலாளியா! அடுத்த வகுப்பில் இந்தக் கதையை எந்த இடத்தில் சொல்லலாம் என்றுகூட யோசித்து வைத்துவிட்டார்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. "கோவிந்தா! கோவிந்தா!" என்று ஒரு கூட்டம் அவர்களைத் தாண்டிப் போனது. எல்லாப் படிகளிலும் மஞ்சளும் குங்குமமும் இருக்க, கடைசிப் படி மட்டும் வெறுமனே கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க ஹேமநாத்தின் முகம் வாடியது.

"மழ வரும் போல கீதுங்க," என்றாள் சந்தியா மெதுவாக.

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம் சந்தியா. இந்த ஒருத்தருக்காக மட்டும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. அவசரமாக எடுத்ததில் ஹேமநாத்தின் கையிலிருந்து போன் நழுவப் பார்த்தது. சந்தியாதான் பிடித்து அவர் காதில் வைத்தாள்.

"சொல்லு நைனா... இன்னா சொன்னாங்க?... நெசமாவா!... நாளைக்கேவா?... அழுவாத நைனா. நீ அழுதா நானும் அழுதுடுவன்..."

அழுதேவிட்டார். சந்தியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மஞ்சள் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை எல்லாம் வழித்துக் கடைசிப் படியில் தடவினாள். இருவரும் சேர்ந்து குங்குமம் வைத்தார்கள். "கிருஷ்ணப்பா!" என்று ஹேமநாத் கத்தியதில் மேலே போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

படியில் நெற்றியை வைத்து அப்படியே கிடந்தார். "குடுத்துட்டியே சாமி. ஒருத்தரக்கூட உடாம எல்லாருக்கும் குடுத்துட்டியே. எனக்கு இது போதும்."

மணிவேலுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஓடி வந்து ஹேமநாத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கங்கிராட்ஸ் சார்! ஆர்டர் ஓகேதானே? இனிமே உங்க கம்பெனி எங்கியோ போவப் போவுது பாருங்க!"

"ஆர்டரா?" ஹேமநாத் எழுந்து நின்று, முட்டியில் ஒட்டிய குங்குமத்தைத் தட்டிவிட்டு நிம்மதியாகச் சிரித்தார். "மத்தவங்களுக்கெல்லாம் முன்னாடியே வேற எடத்துல வேல கெடச்சிடுச்சி சார். எங்க வாட்ச்மேன் கிருஷ்ணப்பாவத்தான் வயசாயிடுச்சின்னு யாரும் எடுக்கல. இப்ப பாகாலாவுல ஒரு மில்லுல சேத்துக்கினாங்களாம். நாளைக்கி நான் ஃபேக்டரிய மூடறன். என்ன நம்பி ஏறி வந்தவங்க எல்லாரையும் பத்திரமா எறக்கி உட்டுட்டன் சார்."