ஓம் சாமி

சாமியைக் கேட்காமல் ராசா தும்மவும் மாட்டார்.

ராசா என்றால் நவரட்ணம். ஒரு காலத்தில் கனடாவின் ஸ்கார்பரோவில் அவருக்கு நாலு புடவைக் கடை, ஒரு கல்யாண ஹோல். கடைக்குப் பின்னால் அவருடைய அறையில் எந்த நேரமும் பத்துப் பேர் தேத்தண்ணியோடு இருப்பார்கள். சனம் அதற்கு 'அரசவை' என்று பெயர் வைத்திருந்தது.

இப்போது மிச்சம் அஜின்கோர்ட் கடை ஒன்றுதான். அவையில் மிச்சம் மனைவி யோகமலர், மனேஜர் நீக்கிலாப்பிள்ளை, சாமி.

சாமி தமிழ்நாட்டுக்காரர். பன்னிரண்டு வருட மௌன விரதம், முடிய இன்னும் ஏழு மாதம் பாக்கி. வாயைத் திறந்தால் பிரணவம் மட்டும்தான் வரும்.

ராசா போன்ற யாழ்ப்பாணத்தாருக்கு 'ஓம்' என்றால் 'ஆமாம்'. பிறகென்ன?

"வெக்ஸ்போர்ட்டிலை கடை திறக்கலாமோ சாமி?"

"ஓம்."

திறந்தார், மூடினார். ஹோலைப் பெருப்பிக்கலாமா என்று கேட்டார். அதற்கும் ஓம். ஹோலும் போயிற்று.

சாமியைத் திட்டாத ஆளில்லை. நீக்கிலாப்பிள்ளைக்குத் திட்டியும் அலுத்துவிட்டது.

போன கிழமை ராசாவுக்கு நெஞ்சு நொந்தது. வியாழக்கிழமையே இருதய ஒப்பரேசன், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் சொல்லிவிட்டார். ராசாவுக்குக் கத்தி என்றால் பயம். சாமியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் காலை நீக்கிலாப்பிள்ளை, ராசா வீட்டு பேஸ்மென்டில் தங்கியிருந்த சாமியிடம் போனார்.

"சாமி, கடையள் போனது போகட்டும். இது உயிர். இண்டைக்கு மட்டும் ஓம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ."

"ஓம்" என்றார் சாமி.

அதை எப்படி எடுப்பதென்று தெரியவில்லை. களைத்துப்போய்ப் படியேறினார்.

மத்தியானம் வீட்டிலேயே அவை கூடியது. ராசா முதலில் நீக்கிலாப்பிள்ளையைத்தான் பார்த்தார்.

"ஒப்பரேசன் வேண்டாமெண்டு விட்டிடலாம், என்ன?"

"ஓம் அண்ணை."

இருபத்திரண்டு வருடப் பழக்கம், வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். யோகமலர் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

ராசா சாமியின் பக்கம் திரும்பி அதையே கேட்டார். சாமி ராசாவின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார்.

"விட்டுடாதீங்க. போய் ஆபரேஷன் பண்ணிக்கோங்க."

பேசி மறந்த தொண்டை, குரல் கரகரத்தது. யோகமலர் வாய்விட்டு அழுதார். ராசா மறுபேச்சில்லாமல் டொக்டருக்கு போன் எடுத்தார்.

விரதம் முறிந்த சாமி தன் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். நீக்கிலாப்பிள்ளை பின்னால் ஓடிப்போய் வாசலில் மறித்தார்.

"உங்களைக் கள்ளச்சாமி எண்டு நினைச்சிட்டன். இவ்வளவு வருச விரதத்தை எங்களுக்காக விட்டிட்டியள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"நான் சொன்னது மந்திரம். உங்க பேச்சுல அதுக்கு ஆமாம்னு அர்த்தம்னு தெரிஞ்ச பிறகும் சும்மா இருந்தேன். அது என் தப்புதான்" என்றார் சாமி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டார்:

"எனக்காவது மௌன விரதம். உங்களுக்கு என்ன விரதம்?"